பலகையில் விழுந்த பெருவிரல்

முதலில் எங்கள் கண்ணில் பட்டது அந்தப் பெருவிரல்தான்.

பத்தாம் வகுப்பு, காலை முதல் பீரியடு. குற்றாலத்தில் சீசன் முடியப்போகிற சமயம். வெளியே சாரல் விழுந்தும் விழாமலும் இருந்தது. முந்தின நாள் நான் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் செய்து, போனில் படம் எடுத்து, வகுப்பு குரூப்பில் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து ஸ்மார்ட் போர்டில் பெரிசாகப் போட்டேன். நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் பாராட்டலாமே என்ற நல்ல எண்ணத்தில் செய்த காரியம் அது.

கணக்கு நஸ்ரினுடையது. இருபடிச் சமன்பாடு. வரிக்கு வரி சுத்தமாக இருந்தது. ஆனால் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்த பெருவிரல் நஸ்ரினுடையது இல்லை. அவள் கை குச்சி குச்சியாக இருக்கும். இதுவோ அந்தப் பெரிய திரையில் வாழைப்பூ மாதிரி கிடந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறை, கணுவில் முரட்டு முடி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் எப்படி நானாவேன்? படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினேன். தாளுக்கு அடியில் வண்டியின் ஸ்டியரிங் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அரபி எழுத்துப் போட்ட குபூஸ் ரொட்டிப் பாக்கெட்.

கடைசி பெஞ்சிலிருந்து முத்துலெட்சுமி எழுந்து, ரொம்ப மரியாதையாக, "டீச்சர், நஸ்ரின் லாரி ஓட்டுதாளா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும் என்று பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டுத்தான் மறுபடி கோபமான முகத்தை மாட்டிக்கொண்டேன்.

நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு பெஞ்சில் கவிழ்ந்துவிட்டாள்.

போலீஸ் வீட்டு விசாரணை

போன வாரம் இந்தத் தொடரில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு ஆலங்குளத்திலிருந்து என் பெரியண்ணன் போன் செய்தார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் எழுதுகிறாய், பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வரி வந்ததா என்று கோபம். அண்ணே, இதோ எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு போலீஸ்காரர் மேல்தான் விழ வேண்டும். அப்பா போலீஸ், பெரியண்ணன் போலீஸ், சித்தப்பா மகன் போலீஸ். நான் டீச்சரானது அவர்களுக்கு இன்றைக்கும் ஒரு குறைதான். சின்ன வயதில் அடுக்களையில் ஒரு முறுக்கு காணாமல் போனாலும் அப்பா எங்களை வரிசையாக நிறுத்தி வாயை மோந்து பார்ப்பார். குற்றவாளி பெரும்பாலும் பெரியண்ணன்தான். இதையும் எழுதிவிட்டேன் அண்ணே.

அந்த ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது. சிரிப்பு அடங்கியதும் விசாரணையை ஆரம்பித்தேன். நஸ்ரின் எழுந்து நின்று, அது சவுதியில் இருக்கிற அவளுடைய வாப்பாவின் கை என்று சொன்னாள். வாப்பா அங்கே ஒரு கம்பெனியில் வேலையாட்களை ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டுகிறார். காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மகளுக்குப் போன் போடுவார். நமக்கு அப்போது பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். ஒரு தாளில் கணக்கைப் போட்டு, ஸ்டியரிங் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார். மகள் அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். அன்றைக்குத் தூங்கி எழுந்தது தாமதம். அவசரத்தில் வாப்பாவின் படத்தையே அப்படியே தட்டிவிட்டுவிட்டாள்.

இவள் ஒருத்திதானா, இன்னும் உண்டா என்று கேட்டேன். என் அப்பா மாதிரி ஒவ்வொருத்தி முன்னாலும் போய் நின்றேன். மெள்ள மெள்ளக் கைகள் உயர்ந்தன. துபாய் வாப்பா, குவைத் வாப்பா, மஸ்கட்டில் ஒரு மாமா. கடைசியில் நஸ்ரினை லாரி ஓட்ட வைத்த முத்துலெட்சுமியும் கையைத் தூக்கினாள்.

"உனக்கு யாருட்டி?"

"எங்க அப்பா ராஜஸ்தான்ல பட்டாளத்துல இருக்காவ டீச்சர். அங்கன வெயில்ல சும்மாத்தான் இருக்காவளாம்."

வீட்டுப்பாடத்தில் எங்கள் வகுப்பு இவ்வளவு பிரமாதமாக இருந்த ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. நான் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு அரபு நாட்டுக்கும் ராணுவத்துக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குரங்குக்கு இருந்த தைரியம்

இந்த இடத்தில் அந்த ஸ்மார்ட் போர்டு எங்கள் பள்ளிக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

அது வந்து இறங்கியபோது மாலை போடாத குறை. சந்தனம், குங்குமம் வைத்து, பாத்திமா டீச்சர் ஒரு துஆ ஓதி, தலைமையாசிரியை ரிப்பன் வெட்டினார். அதன் பிறகு கொஞ்ச நாள் அதை யாருமே தொடவில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? துணி போட்டு மூடி, பூட்டி, சாவியைத் தலைமையாசிரியை தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். தும்மினால்கூடப் பலகையைப் பார்த்துத் தும்மாதே என்று பிள்ளைகளை அதட்டினோம்.

பிறகு ஒரு நாள், பயிற்சி கொடுக்க வந்த பையன் படத்தை ஓட விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஜன்னல் வழியாக ஒரு குரங்கு உள்ளே வந்தது. குற்றாலத்துக் குரங்குக்குக் கூச்சம் கிடையாது. நேரே போய்ப் பலகையில் விரலை வைத்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்றது. மறுபடி வைத்தது, ஓடியது. அதற்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நாங்கள் அத்தனை டீச்சர்களும் வாசலில் நின்று கம்பை ஆட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளியில் அந்தப் பலகையைப் பயமில்லாமல் முதலில் தொட்டது அதுதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் தைரியம் வந்தது.

தொட்டுப் பழகின பிறகு எனக்கு அந்தப் பலகை மேல் ஒரே பிரியம். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் சாக்பீஸ் நமத்துப்போகும். கரும்பலகையில் எழுதினால் எழுத்து வராது, சத்தம்தான் வரும். நான் வட்டம் போட்டால் அது தோசையாகத்தான் வரும். பலகையிலோ முக்கோணம் சுழல்கிறது, கோளத்தை வெட்டிக் காட்டுகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நான் எத்தனையோ வருஷம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டிய விஷயம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இந்த வயதில் எனக்கே சில கணக்குகள் புதிதாக விளங்கின.

பச்சை எங்கே டீச்சர்?

பலகை வந்த பிறகு, விளங்கிச்சா என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் விளங்கிச்சு என்றது. அதற்கு முன்னால் என் சர்வீஸில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் முதல் இடைப்பருவத் தேர்வு வைத்தேன். கேள்வித்தாளைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இதுல பச்சை எது?" என்று கேட்டாள்.

என்ன பச்சை? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு யோசித்தால் விஷயம் இதுதான். பலகையில் வருகிற படத்தில், சமன்பாட்டின் நடு எண்ணை இரண்டாகப் பிரிக்கும்போது, பிரிந்த எண்கள் பச்சை நிறத்தில் ஒரு மணிச் சத்தத்தோடு துள்ளி வந்து உட்காரும். பிள்ளைகள் அந்தப் பச்சையைப் படித்து வைத்திருந்தார்கள். அந்த எண் ஏன் வருகிறது, எங்கேயிருந்து வருகிறது என்பதைப் பலகை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். கேள்வித்தாள் கறுப்பு வெள்ளை. அதில் எதுவும் துள்ளவில்லை.

ஐந்தருவிக்குச் சீசனில் வருகிறவர்களில் ஒரு கூட்டம் உண்டு. தலை நனையாமல் ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டு, குளித்தாயிற்று என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். என் வகுப்பு அந்தக் கூட்டமாக இருந்தது. கணக்கை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் நனையவில்லை.

நஸ்ரினுக்கு அந்தத் தேர்வில் மார்க் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டுப்பாடத்திலோ அவள்தான் முதல்.

மூடிராதிய டீச்சர்

இந்த வகுப்பு குரூப்பை நான்தான் ஆரம்பித்தேன். சீசனில் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஐந்தருவிப் பக்கம் கடை போடுகிற குடும்பம், பழக்கடை, மிளகாய் பஜ்ஜிக் கடை என்று ஆளுக்கு ஒரு வேலை. அவர்களுக்குப் பாடம் போய்விடக் கூடாதே என்று, பலகையில் நான் நடத்துவதை என் குரலோடு பதிவு செய்து குரூப்பில் போட்டேன். கடை போட்ட பிள்ளைகள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ, போன் நம்பர் கொடுத்திருந்த அப்பாக்கள் விடாமல் பார்த்திருக்கிறார்கள்.

பெருவிரல் சமாசாரம் தலைமையாசிரியை காதுக்குப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. குரூப்பை மூடிவிடுங்கள், இனி வீட்டுப்பாடம் நோட்டில்தான், போன் பேச்சே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் நஸ்ரினின் உம்மா வந்துவிட்டார். குத்துக்கல்வலசையில் இருந்து ஆட்டோ பிடித்து, மூச்சு வாங்க வந்து நின்றார். மகளுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"குரூப்ப மூடிராதிய டீச்சர்."

உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். மெள்ளச் சொன்னார். நஸ்ரின் கைக்குழந்தையாக இருக்கும்போது அவள் வாப்பா போனவர். நடுவில் லீவில் வருவார். பிள்ளை ஒட்டிப் பழகத் தொடங்கும்போது லீவு முடிந்துவிடும். பெரியவளான பிறகு அந்த ஒட்டுதலும் இல்லை. போனில் சாப்பிட்டியா என்பார், இவள் ம் என்பாள். தொழுதியா என்பார், ம். அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சு இருக்காது. போனை உம்மாவிடம் கொடு என்று சொல்லிவிடுவார். அந்த இரண்டு வார்த்தைக்கும் நஸ்ரின் ஓடி ஒளிவாளாம்.

"இந்தக் கணக்கு வந்த பொறவுதான் டீச்சர் ரெண்டு பேரும் பேசுதாவ. காலையில எந்திச்சா வாப்பா வாப்பான்னு எங்க வீட்டுல சத்தம் கேக்குது. அத நிப்பாட்டிட்டா மறுபடியும் அந்த ம் தான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நான் கணக்கு டீச்சர். அவர் படிக்கிறார், பரீட்சை இவளல்லவா எழுத வேண்டும் என்றேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டால் பிளஸ் ஒன்னுக்கு எங்கே போவாள்? உம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இரண்டுக்கும் நடுவில் நின்று அழுதார்.

நான் தலைமையாசிரியையிடம் போய் வாதாடினேன். எங்கள் வீட்டு ஆட்களிடம் பேசிப் பழகின வாய், லேசில் விடாது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் குரூப் இருக்கட்டும். அதில் நஸ்ரின் கணக்கில் தேறாவிட்டால் அன்றைக்கே மூடிவிட வேண்டும். மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு நஸ்ரினைக் குறிப்பாகச் சொன்னார், அவள்தான் அகப்பட்டவள்.

எட்டோடு நின்றவர்

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்கு மதியம் நஸ்ரினின் வாப்பாவுக்கு நானே வீடியோ கால் போட்டேன். மனுஷன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று பேசினார். உட்காருங்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆட்களை வேலையிடத்தில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வண்டியில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் மகளுடைய பாடத்தை ஓடவிட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். முதலில் என் குரலைக் கேட்பதற்காக என்று சொன்னார். ஊர்ப் பேச்சு காதில் விழுகிறதே என்று. அப்புறம் தாளும் பேனாவும் எடுத்திருக்கிறார்.

எப்படி விளங்கியது என்று கேட்டேன்.

"நிப்பாட்டி நிப்பாட்டிப் பாப்பேன் டீச்சர். ஒரு வரி ஓட விடுவேன், நிப்பாட்டுவேன், எழுதிப் பாப்பேன். வரலைன்னா திரும்ப ஓட விடுவேன். சின்னதுல பள்ளிக்கூடத்துல சார நிப்பாட்டுங்கன்னு சொல்ல முடியாதுல்லா. இதுல முடியுது."

உடனே அவரைப் பெரிய கணிதமேதை என்று நினைத்துவிடாதீர்கள். கழித்தல் வந்தால் மனுஷன் தடுமாறுவார். எங்கே கழிக்க வேண்டுமோ அங்கே அவசரத்தில் விட்டுவிட்டு விடையை எழுதிவிடுவார். பாதிக் கணக்கு தப்பு. நஸ்ரின் அந்தத் தப்பையும் அட்சரம் பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறாள், நானும் கவனிக்காமல் டிக் போட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே படம். அங்கே அவர் அதை நிறுத்தி நிறுத்தி எழுதிப் படித்தார். இங்கே வகுப்பில் அது தன் பாட்டுக்கு ஓடியது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நான் அவரிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். இனி அவர் கணக்குப் போட்டுக் கொடுக்கக் கூடாது. நஸ்ரின் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் ஏன் தப்பு என்று அவள்தான் விளக்க வேண்டும். அவர் எழுதிய தாளைத்தான் எனக்கு அனுப்ப வேண்டும், பெருவிரலோடு.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எம் மவகிட்ட நான் படிக்கணுமாக்கும்" என்றார். பிறகு கவலையாக, "அவளுக்கும் தெரியலைன்னா ரெண்டு பேரும் முழிப்போம்லா டீச்சர்?" என்று கேட்டார்.

"முழிங்க" என்றேன்.

நிப்பாட்டுங்க டீச்சர்

முதல் சில வாரம் இரண்டு பேரும் நன்றாகத்தான் முழித்தார்கள். வந்த தாள்களைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்றே தெரியாது.

பிறகு ஒரு காலையில் நஸ்ரின் என் மேஜைக்கு வந்து நின்றாள். அவள் என்னிடம் அதுவரை ஒரு சந்தேகம் கேட்டதில்லை. முகம் சிவந்திருந்தது.

"வாப்பா ஏன் ஏன்னு கேட்டு உசுர வாங்குதாவ டீச்சர். இந்த இடத்துல எதுக்குக் கூட்டணும்னு கேக்காவ. எனக்குச் சொல்லத் தெரியலை. எதுக்கு டீச்சர்?"

எத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், எதுக்கு என்று ஒரு பிள்ளை இவ்வளவு கோபமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் வேறொரு எதுக்கோடு வந்தாள். அதன் பிறகு தினமும் வந்தாள்.

வகுப்பிலும் ஒரு காரியம் செய்தேன். பலகையின் மணிச் சத்தத்தை அமர்த்தினேன். நிறத்தை எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் நிப்பாட்டுங்க டீச்சர் என்று சொல்லலாம், சொன்னால் படம் நிற்கும், சொன்னவள் அடுத்த வரி என்ன வரும் என்று எழுந்து சொல்ல வேண்டும் என்றேன். முதலில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள், ஒரு கணக்கு முடிய ஒரு பீரியடு ஆனது. முத்துலெட்சுமி, மணி அடிக்கப்போகிற நேரம் பார்த்து நிப்பாட்டுங்க என்பாள். போர்ஷன் எங்கே முடியப்போகிறது என்று தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் வந்து வந்து போனார்.

முக்கோணவியல் வந்தது. உயரங்களும் தூரங்களும். நஸ்ரினின் வாப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஏறாமலே உயரம் கண்டுபிடிக்கலாமா என்று அவருக்கு ஆச்சரியம். வண்டி நிறுத்துகிற இடத்தில் இருந்த விளக்குக் கம்பத்தை அளக்கிறேன் என்று காலால் எட்டு வைத்து நடக்க, செக்யூரிட்டி வந்து விசாரித்துவிட்டுப் போனானாம். நஸ்ரின் இதை வகுப்பில் சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். வாப்பாவைப் பற்றி அவள் கதை சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், அவருக்கு வேலையிடம் மாற்றிவிட்டார்கள். பாலைவனத்துக்குள் எங்கேயோ. டவர் கிடையாது. ஊருக்குள் வருகிற அன்றைக்குத்தான் போன். காலை நேரத்துப் பேச்சு நின்றுபோனது.

நஸ்ரின் மறுபடி ஊமையானாள். என் மேஜைக்கு வருவதும் நின்றது. பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று உம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பேனாவை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்றார். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அந்தக் கம்பெனி மேல் கோபம் வந்தது. குரூப்பை மூட நாள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பரீட்சை ஹால்

கணக்குப் பரீட்சை அன்று நல்ல மழை. நஸ்ரின் எழுதிய ஹாலில் பி.டி. டீச்சர் கண்காணிப்பு. அவர் இருக்கிற ஹாலில் பென்சில் விழுந்தால்கூட அனுமதி கேட்டுத்தான் விழும். நான் பக்கத்து ஹாலில் இருந்தேன். பாதிப் பரீட்சையில் பி.டி. டீச்சர் வாசலுக்கு வந்து என்னைக் கையால் கூப்பிட்டார்.

உங்கள் பிள்ளை நஸ்ரின் யாரிடமோ பேசிக்கொண்டே எழுதுகிறாள் என்றார். சோதனை போட்டும் பார்த்துவிட்டாராம். போன் இல்லை, துண்டுச்சீட்டு இல்லை, முன்னாலும் பின்னாலும் வேறு வகுப்புப் பிள்ளைகள். ஆனால் வாய் ஓயவில்லை. எழுப்பி வெளியே அனுப்பவா என்று கேட்டார். நான் பார்க்கிறேன் என்று சொல்லி, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அவள் பின்னால் போய் நின்றேன்.

அந்தப் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள், தலைமையாசிரியை குரூப்பை மூடுகிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு அவள் பின்னால் நின்றபோது மார்க்கைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை.

கேள்வி இதுதான்: கட்டடத்து மாடியில் ஒரு கொடிக்கம்பம், கம்பத்தின் உச்சிக்கு ஒரு ஏற்றக்கோணம், அடிக்கு ஒரு ஏற்றக்கோணம், கம்பத்தின் உயரம் என்ன? நஸ்ரின் படம் போட்டிருந்தாள். பேனா நகர்ந்துகொண்டிருந்தது. கூடவே உதடும் நகர்ந்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"இது முழு உயரம், சரியா? இது கட்டடம் மட்டும். நமக்குக் கம்பம்தான வேணும். கம்பம் தரையிலயா நிக்குது? மாடி மேலல்லா நிக்குது."

என் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பி.டி. டீச்சர் வாசலில் நின்று, யாரிடம் பேசுகிறாள் என்று சைகையில் கேட்டார். நான் போய் அவர் காதில், அவ வாப்பாகிட்ட என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பேசட்டும், விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். நஸ்ரினுக்கு நாங்கள் இருப்பதே தெரியவில்லை. விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கொஞ்சம் நிறுத்தி, எதிரே இருக்கிற யாரையோ தடுக்கிறவள் மாதிரி இடது கையை லேசாகத் தூக்கினாள்.

"அவசரப்படாதிய வாப்பா" என்றாள். "இன்னும் கழிக்கலை."